9 வயசு மகளுக்கு கிளாரினெட்: தாத்தாவோட பழசா, புதுசா?

திருமங்கலத்து அப்பா | ஜூன் 4, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். என் மகளுக்கு 9 வயசு முடிஞ்சிருக்கு, அஞ்சாம் வகுப்பு போறா. ரெண்டு வருஷமா வாய்ப்பாட்டு கத்துக்கிறா, இப்ப அலங்காரத்துல நிக்கிறா. இந்த வருஷம் அவ பள்ளிக்கூடத்துல காற்று வாத்திய வகுப்பு தொடங்கியிருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு மாஸ்டர் மதுரையிலேர்ந்து வர்றார். புல்லாங்குழல், டிரம்பெட், கிளாரினெட் மூணுல எது வேணும்னாலும் எடுக்கலாம். இவ யோசிக்கவே இல்லை, கிளாரினெட்தான்ங்கிறா.

காரணம் எங்க அப்பா. நாப்பது வருஷத்துக்கு மேல பேண்டு செட்ல கிளாரினெட் வாசிச்சவர். சோழவந்தான், உசிலம்பட்டி, மேலூர்னு அவர் போகாத திருவிழா இல்லை. போன வருஷம் தவறிட்டார். கடைசி வரைக்கும் சாயங்காலம் திண்ணையில உக்காந்து பேத்திக்கு வாசிச்சுக் காட்டுவார்.

அவரோட வாத்தியம் மரப்பெட்டியில அப்படியே இருக்கு. ஏதோ ரெஜிமெண்ட் சாமான் ஏலத்துல வாங்கினதுன்னு சொல்லுவார். கறுப்பு மரம், விரலால அமுக்குற கீ 13. துளையை மூடுற பேடெல்லாம் கிழிஞ்சுபோச்சு. தெரிஞ்ச ஒருத்தர் 4,500 ரூபாய்க்கு சரி பண்ணித் தர்றேன்ங்கிறார். ஆன்லைன்ல புதுசே 8,000, 9,000க்குக் கிடைக்குது. நான் அதிகபட்சம் 25,000 வரைக்கும் போகலாம்.

மனசு என்னமோ அப்பாவோட வாத்தியத்துலயே பிள்ளை ஊதணும்னுதான் கேக்குது. ஆனா எனக்கு வாசிக்கத் தெரியாது. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மாசிவீதி பேண்டு | ஜூன் 4, இரவு 10.25

தம்பி, முதல்ல உங்க அப்பாவுக்கு ஒரு கும்பிடு. அந்தக் காலத்து ஆளுக வெயில்ல நடந்துக்கிட்டே ஆறு மணி நேரம் ஊதுவாக.

யோசிக்காம அதையே சரி பண்ணிக் கொடுங்க. நான் 11 வயசுல 13 கீ வாத்தியத்துலதான் ஆரம்பிச்சேன். பழைய மரத்துல இருக்கிற நாதம் இப்ப வர்ற பிளாஸ்டிக்ல கெடையாது. தாத்தா மூச்சு போன குழல்ல பேத்தி மூச்சு போகட்டும்.

பசுமலை ஸ்வரம் | ஜூன் 5, காலை 6.50

அண்ணன் சொல்வதில் உள்ள அன்பு புரிகிறது. ஆனால் வாங்குவதற்கும் பழுது பார்ப்பதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது: பள்ளிக்கு வரும் மாஸ்டர் எந்த முறை வாத்தியத்தில் சொல்லித் தருகிறார்?

கிளாரினெட் என்றால் எல்லாம் ஒன்றல்ல. இன்று உலகத்தில் பெரும்பாலும் புழங்குவது போம் முறை. பாரிஸில் குளோசே என்ற வாசிப்பாளரும் ப்யூஃபே என்ற வாத்தியம் செய்பவரும் சேர்ந்து உருவாக்கி 1840களில் காப்புரிமை பெற்றது. 17 கீ, துளைகளைச் சுற்றி 6 வளையம். உங்கள் அப்பாவின் 13 கீ வாத்தியம் அநேகமாக ஆல்பர்ட் முறை. பிரசெல்ஸில் ஆல்பர்ட் குடும்பத்தார் செய்து பரப்பியது. ராணுவ பேண்டுகள் வழியாக நம் ஊருக்கு அதிகம் வந்தது அதுதான்.

இரண்டிலும் விரல் போடும் விதம் வேறு. வகுப்பில் பத்துப் பிள்ளைகள் போம் வைத்திருக்க, உங்கள் மகள் மட்டும் ஆல்பர்ட் கொண்டுபோனால் மாஸ்டர் கரும்பலகையில் போடும் விரல் படம் அவளுக்கு உதவாது. "எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரல" என்று நினைத்துக்கொள்வாள். அந்த நினைப்பு வந்தால் வாத்தியம் பரணுக்குப் போய்விடும்.

மாஸ்டரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

வைகைக்கரை | ஜூன் 5, காலை 11.15

இதை எழுதியே ஆகணும்னு லாகின் பண்றேன். தயவுசெஞ்சு அந்த 8,000 ரூபா வாத்தியத்தை வாங்காதீங்க.

என் பையனுக்கு 10 வயசுல ஆன்லைன்ல வாங்கினோம். நீலக் கலர், பெட்டி, கையுறை, துடைக்கிற துணி எல்லாம் அழகா வந்துச்சு. மூணு மாசம் பிள்ளை தம் கட்டி ஊதினான். கீழ் ஸ்வரம் வரவே வராது, வந்தா கீச்சுனு கத்தும். தலைவலி வந்து படுத்துக்குவான். "வாய் சரியா வைடா"ன்னு நான் வேற வைவேன். அவனுக்கு இது வராதுன்னே முடிவு பண்ணிட்டோம்.

ஒரு நாள் டீச்சர் தன்னோட வாத்தியத்தை அவன் கையில கொடுத்து ஊதச் சொன்னாங்க. முதல் மூச்சுல கீழ் ஸ்வரம் கணீர்னு வந்துச்சு. பிள்ளை என்னையத் திரும்பிப் பாத்தான். அந்தப் பார்வையை என்னால இன்னும் மறக்க முடியல.

எங்க வாத்தியத்துல நாலு பேடு சரியா மூடவே இல்லையாம். கீயெல்லாம் மெத்து உலோகம், நிமித்தினா ரெண்டு நாள்ல மறுபடி வளையும். ரிப்பேர்காரர் கையிலயே எடுக்க மாட்டேன்னுட்டார். விலை கம்மின்னு வாங்கினதுக்கு பிள்ளைதான் மூணு மாசம் திட்டு வாங்கினான்.

ஆரப்பாளையம் 77 | ஜூன் 5, பகல் 12.02

பேசாம புல்லாங்குழல் எடுக்கச் சொல்லலாமே? மூங்கில் குழல் செலவே இல்லை.

திருமங்கலத்து அப்பா | ஜூன் 5, பகல் 1.30

சொல்லிப் பார்த்துட்டேன் சார். தாத்தா வாசிச்சது அது இல்லையேங்கிறா.

வைகைக்கரை அக்கா, படிச்சு மனசு கஷ்டமாயிருச்சு. ஆன்லைன் யோசனையை விட்டுட்டேன். மாஸ்டர்கிட்ட பேசினேன். போம்தானாம். வருஷக் கடைசியில விருப்பப்பட்ட பிள்ளைகளை லண்டன் டிரினிட்டி இசைத் தேர்வுல முதல் கிரேடு எழுத வைப்பாராம்.

சீவாளி | ஜூன் 5, மாலை 6.10

நான் நாகஸ்வரக் குடும்பம். கிளாரினெட்டை மேல்நாட்டு வாத்தியமாக மட்டும் எல்லாரும் பேசுவதைப் பார்த்து எழுதுகிறேன்.

19ஆம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரியில் (பரதநாட்டியத்தின் பழைய வடிவம்), அதற்கு வாசிக்கும் சின்ன மேளத்தில், கிளாரினெட் வந்துவிட்டது. திருச்சி ஏ.கே.சி. நடராஜன் அதைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிற்க வைத்தார். 2008இல் சங்கீத கலாநிதி, 2022இல் பத்மஸ்ரீ. ஆகவே பாட்டுப் படிக்கிற பெண் கையில் கிளாரினெட் என்பது வேற்று ஆள் வீட்டுக்கு வந்த மாதிரி இல்லை.

ஆல்பர்ட்டில் ஒரு வசதி உண்டு. வளையம் குறைவு, துளை வெறும் துளையாக இருக்கும். விரலை மெல்ல நகர்த்தி, துளையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, பிடிக்கத் தோதானது. போம் வாத்தியத்தில் வளையம் அழுந்தினால் வேறொரு பேடு சேர்ந்து அசையும், இழைவு கொஞ்சம் உடையும். துருக்கியிலும் கிரேக்கத்திலும் நாட்டுப்புற இசைக்காரர்கள் இன்றும் ஆல்பர்ட்டை விடாததற்கு இந்த இழைவும் ஒரு காரணம்.

ஸ்ருதி விஷயம்: சாதாரணமாகக் கிடைப்பது பி ஃபிளாட் கிளாரினெட். கட்டைவிரலும் இடது கை மூன்று விரலும் மூடினால் வருவது ஆறரைக் கட்டை. அதோடு வலது கையில் முதல் இரண்டு விரலையும் மூடினால் ஐந்து கட்டை. பெண் பிள்ளை ஐந்து கட்டையில் பாடினால் அதையே சட்ஜமமாக வைத்து வாசிக்கலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நாகஸ்வரத்திலும் புல்லாங்குழலிலும் அதே விரலில் அழுத்தி ஊதினால் மேல் சட்ஜமம் வரும். கிளாரினெட்டில் வராது. சட்ஜமம் பிடித்த விரலோடு பின்பக்கக் கீயைத் திறந்தால் மேல் ஸ்தாயி பஞ்சமம் வரும். மேல் ஸ்தாயிக்கு விரலைப் புதிதாகப் படிக்க வேண்டும். பாட்டுத் தெரிந்த பிள்ளைகள் இங்கேதான் குழம்பும், அது அவர்கள் தப்பில்லை.

மட்டுறுத்துநர் | ஜூன் 5, இரவு 8.00

ரிப்பேர் செய்பவர்களின் தொலைபேசி எண்ணைப் பொதுவில் போட வேண்டாம். இரண்டு பதிவுகளை நீக்கியுள்ளேன். தனிமடலில் அனுப்புங்கள்.

ஊசி ஸ்பிரிங் | ஜூன் 5, இரவு 9.20

வாத்தியம் ரிப்பேர் செய்கிறவன். திருமங்கலத்து அண்ணே, 4,500 கொடுக்கிறதுக்கு முன்னாடி நாலு விஷயம் நீங்களே பாருங்க.

மேல் துண்டைத் தனியா கழட்டி, ஒரு பக்கம் கண்ணு வச்சு, லைட்டுக்கு நேரா உள்ளே பாருங்க. தலைமுடி மாதிரி கோடு ஏதாவது ஓடுதா? வெடிப்பு பெரும்பாலும் மேல் துண்டுல, மேல் நுனிப் பக்கம்தான் வரும். வெளியே கீயைத் தாங்குற போஸ்ட் வழியாவும் ஓடும்.

மவுத்பீஸ் நுனியில நகத்தை ஓட்டுங்க. சில்லு உடைஞ்சிருந்தா அது போச்சு. மவுத்பீஸ் பச்சையா வெளுத்திருந்தா எபோனைட்ல, அதாவது கெட்டி ரப்பர்ல, வெயில் பட்டிருக்குன்னு அர்த்தம், வாசிக்கலாம், ஆனா பிள்ளை வாயில வைக்கப் புதுசு போடுங்க.

கீயை ஒவ்வொண்ணா அமுக்கி விடுங்க. டக்குனு திரும்பணும். சோம்பலாத் திரும்பினா ஊசி ஸ்பிரிங் துருப்பிடிச்சிருக்கு.

நாலாவதுதான் முக்கியம். மேல் துண்டுலயோ அடியில விரியிற பெல்லுலயோ பேருக்குக் கீழே சின்னதா "எல்.பி." இல்லாட்டி "எச்.பி."ன்னு இங்கிலீஷ் எழுத்து குத்தியிருக்கான்னு பூதக்கண்ணாடி வச்சுப் பாருங்க. ரெஜிமெண்ட் சாமான்னு சொன்னதும் எனக்கு அந்த நெனப்புதான் வந்துச்சு.

திருமங்கலத்து அப்பா | ஜூன் 6, காலை 7.45

பாத்துட்டேன். வெடிப்பு இல்லை. மவுத்பீஸ் நுனி நல்லா இருக்கு. மேல் துண்டுல பேரு அழிஞ்சுபோச்சு, "லண்டன்" மட்டும் தெரியுது. அதுக்குக் கீழே எச்.பி.ன்னு இருக்கு. அப்படின்னா என்ன?

ஊசி ஸ்பிரிங் | ஜூன் 6, காலை 8.30

ஹை பிட்ச். இப்ப கீபோர்டு, பியானோ எல்லாம் 440 அதிர்வுல "ஏ" ஸ்வரம் வச்சு நிக்குது. பழைய பிரிட்டிஷ் ராணுவ பேண்டு 452க்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க. 1920கள் கடைசியிலதான் மாத்தினாங்க. நம்ம கணக்குல சொன்னா உங்க வாத்தியம் ஏறக்குறைய கால் கட்டை உசரம்.

மவுத்பீஸுக்குக் கீழே இருக்கிற சின்னத் துண்டு, பேரலை, இழுத்து இறக்கிடலாமேன்னு சொல்லுவாங்க. கொஞ்சம் இறங்கும். ஆனா துளைகளோட இடைவெளி உசர ஸ்ருதிக்குக் கணக்குப் போட்டு போட்டது. பேரலை மட்டும் இழுத்தா மேலே இருக்கிற ஸ்வரம் அதிகமா இறங்கும், கீழே இருக்கிறது இறங்காது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் கோணிக்கிட்டு நிக்கும். இதை எந்த ரிப்பேர்காரராலயும் சரி பண்ண முடியாது. உங்ககிட்ட 4,500 கேட்டவர் இதைச் சொல்லலைன்னா, அவர் பாக்கலைன்னு வச்சுக்குவோம்.

மாசிவீதி பேண்டு | ஜூன் 6, காலை 9.10

எச்.பி.யா! இப்ப வெளங்குது. நான் சின்ன வயசுல இருந்த செட்டுல ரெண்டு வாத்தியம் மத்ததோட சேரவே சேராது. மாஸ்டர் ஆளுகளைத்தான் வைவார். பாவம், அந்த ரெண்டு பேரும் வாத்தியத்துக்காக வசவு வாங்கியிருக்காக போல.

தம்பி, நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். பள்ளிக்கூடத்துல கூட்டத்தோட வாசிக்கிறதுக்கு அது ஆகாது.

சீவாளி | ஜூன் 6, காலை 10.40

பள்ளிக்கூடத்துக்கு ஆகாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு ஆகும். ஸ்ருதிப்பெட்டியில் நுண்ணளவாக ஏற்றி இறக்கும் திருகு இருக்கிறதே, அதை வாத்தியத்துக்குச் சேர்த்து வைத்தால் முடிந்தது. நம் சங்கீதத்தில் சட்ஜமம் இந்த அதிர்வில்தான் நிற்க வேண்டும் என்று விதி கிடையாது. தவிலும் வயலினும் வாத்தியத்துக்குச் சேர்ந்துகொள்ளும். பதினைந்து வயதில் அவள் ராகம் வாசிக்க விரும்பினால், அந்த ஆல்பர்ட் அவளுக்காகக் காத்திருக்கட்டும். விற்றுவிடாதீர்கள்.

திருமங்கலத்து அப்பா | ஜூன் 6, இரவு 10.05

விக்கிறதா, அந்தப் பேச்சே இல்லைங்க.

நேத்து இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியிருக்கு. சரி, போம் வாங்கணும். இப்ப அடுத்த கவலை. பிள்ளை ஒல்லி, வயசுக்குக் கொஞ்சம் குள்ளம். முன்பல் ரெண்டும் விழுந்து முளைச்சிருச்சு. சின்ன சைஸ் கிளாரினெட்னு ஒண்ணு இருக்கா? மரமா, பிளாஸ்டிக்கா?

பசுமலை ஸ்வரம் | ஜூன் 7, காலை 6.40

முன்பல் முளைத்துவிட்டது நல்லது. மேல் பல் மவுத்பீஸ் மேல் உட்கார வேண்டும். பல் ஆடும் பருவத்தில் தொடங்கினால் வாய் வைப்பு மாறி மாறிப் போகும்.

சின்ன சைஸ் உண்டு. சி ஸ்ருதியில், ஒரு கட்டையில், பிள்ளைகளுக்கென்றே முழுக்கப் பிளாஸ்டிக்கில் வருகிறது. எடை மிகக் குறைவு. சாதாரண பி ஃபிளாட் வாத்தியம் முக்கால் கிலோ வரும். அந்த எடையில் பெரும்பகுதியை வலது கட்டைவிரல் ஒன்றே தாங்குகிறது. 7, 8 வயதுக் குழந்தைக்கு நான் சின்னதைத்தான் சொல்வேன். ஆனால் ஒன்றரை, இரண்டு வருடத்தில் மறுபடி பெரியது வாங்க வேண்டும். ஈ ஃபிளாட் கிளாரினெட் குட்டையாக இருக்கிறதே என்று அதை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அது கூர்மையான குரலுள்ள வாத்தியம், ஸ்ருதியில் நிறுத்தப் பழகிய வாய் வேண்டும்.

9 வயது என்பது நடுவில் நிற்கும் வயது. கடைக்குப் போவதற்கு முன் மகளை மாஸ்டரிடம் கூட்டிப்போய் அவர் வாத்தியத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊத வேண்டாம், பிடித்தால் போதும். வலது கை மோதிர விரலைக் கவனியுங்கள். அந்தத் துளை பெரியது. விரல் சதை துளையை முழுக்க மூட வேண்டும்; எடுத்துப் பார்த்தால் விரலில் முழு வட்டம் பதிந்திருக்க வேண்டும். பிறை மாதிரிப் பதிந்தால் காற்று கசிகிறது என்று பொருள். வட்டம் பதிந்தால் முழு வாத்தியம் வாங்கலாம். கட்டைவிரல் வலிக்குக் கழுத்துப் பட்டை போடலாம். அதற்கு வாத்தியத்தின் பின்புறம் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மரமா பிளாஸ்டிக்கா என்றால், இந்த வயதுக்கு, இந்த ஊருக்கு, பிளாஸ்டிக்தான். ஏ.பி.எஸ். என்ற கெட்டிப் பிளாஸ்டிக். நல்ல கிளாரினெட் மரம் ஆப்பிரிக்கக் கருமரம், கிரனடில்லா. புது மரத்தை முதல் சில வாரம் தினமும் கால் மணி நேரம்தான் ஊதி, துடைத்து வைத்துப் பழக்க வேண்டும். உள்ளே மூச்சின் ஈரம், வெளியே மதுரைச் சித்திரை வெயில் என்றால் மரம் இரண்டு பக்கமும் இழுபடும். ஏசி அறையிலிருந்து எடுத்து ஆட்டோவில் வைத்துப் போனால் ஒரே நாளில் வெடிக்கலாம். பள்ளிக்கூடப் பிள்ளையிடம் அந்தக் காவலை எதிர்பார்க்க முடியாது.

யமஹா ஒய்.சி.எல். 255, ப்யூஃபே ப்ரோடீஜ் இரண்டும் இந்த வகைதான். உங்கள் தொகைக்குப் புதிதாகக் கிடைக்காது. பழையதாகத் தேடுங்கள். ஒழுங்காக மூடும் பேடுள்ள ஐந்து வருடப் பழைய மாணவர் வாத்தியம், பெயர் தெரியாத புதியதைவிடப் பல மடங்கு மேல்.

வைகைக்கரை | ஜூன் 7, காலை 9.55

இப்ப என் பையன் வச்சிருக்கிறதும் பழைய யமஹாதான். நல்லா இருக்கான், வாத்தியமும் நல்லா இருக்கு.

மவுத்பீஸ்ல கட்டுற நாணல் தகடு, ரீடு, அதைப் பத்தி யாரும் சொல்லல. ஆரம்பத்துல ஒன்றரை இல்லாட்டி ரெண்டாம் நம்பர் போதும். பெட்டியா வாங்குங்க, பத்து இருக்கும். அதுல எப்படியும் ரெண்டு மூணு சரியா பேசாது. நாலு ரீடை எடுத்து வச்சுக்கிட்டு நாளைக்கு ஒண்ணா மாத்தி மாத்திப் போட்டா எல்லாம் ரொம்ப நாள் வரும். வாசிச்சதும் கழட்டித் துடைச்சு உறையில வைக்கணும். என் பையன் மவுத்பீஸ்லயே விட்டு பூஞ்சை பிடிச்சிருச்சு.

ஊசி ஸ்பிரிங் | ஜூன் 7, பகல் 12.15

பழசு பாக்கப் போனா ஒரு சோதனை. மேல் துண்டை மட்டும் எடுத்து, வாசிக்கிற மாதிரி இடது கை விரலால துளையெல்லாம் மூடி, கீழ் நுனியை வலது உள்ளங்கையால அடைச்சு, மேலே வாய் வச்சு உறிஞ்சுங்க. வாயை எடுக்கும்போது "டப்"னு சத்தம் வரணும். உறிஞ்ச உறிஞ்ச காத்து வந்துக்கிட்டே இருந்தா பேடு கசியுது. கீழ் துண்டுக்கும் இதே மாதிரி. ரெண்டு நிமிஷ வேலை, விக்கிறவர் முகத்தைப் பாத்தே பாதி வெளங்கிடும்.

மவுத்பீஸ் மட்டும் புதுசா, ஆரம்ப வாசிப்புக்கான திறப்புக் குறைஞ்சது வாங்குங்க. வாத்தியத்துக்குப் போடுற ஆயிரம் ரூபாயைவிட மவுத்பீஸுக்குப் போடுற ஆயிரம் ரூபாய் அதிகமாப் பேசும். துண்டுகள் சேர்ற இடத்துல இருக்கிற கார்க்குக்குத் தேங்காயெண்ணெய் தடவாதீங்க, நாள்பட சிக்குப் பிடிச்சுப்போகும். கார்க் கிரீஸ்னே கேட்டு வாங்குங்க.

திருமங்கலத்து அப்பா | ஜூன் 22, இரவு 8.50

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிக்கணும்.

மாஸ்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். முதல்ல மோதிர விரல்ல பிறைதான் விழுந்துச்சு. மகளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துருச்சு. மாஸ்டர் பொறுமையா கையைக் கொஞ்சம் கீழே இறக்கி, விரலை நீட்டாம சதையால அமுக்கச் சொன்னார். நாலாவது தடவை முழு வட்டம். விரலை எல்லார்கிட்டயும் காட்டிட்டே வந்தா, பஸ் கண்டக்டர் உட்பட.

மதுரையில ஒரு வீட்டுல காலேஜ் போயிட்ட பையனோட வாத்தியம், ஏ.பி.எஸ்., ஆறு வருஷம் பழசு. ஊசி ஸ்பிரிங் அண்ணன் சொன்ன சோதனை பண்ணேன். மேல் துண்டு "டப்"னுச்சு, கீழ் துண்டு கொஞ்சம் கசிஞ்சுச்சு. சொன்னதும் விலையில ரெண்டாயிரம் குறைச்சாங்க. 19,000க்கு முடிஞ்சுது. ரெண்டு பேடு மாத்தி, புது மவுத்பீஸ், ஒரு பெட்டி ரீடு, கழுத்துப் பட்டை எல்லாம் சேத்து 25,000க்குள்ள அடங்கிருச்சு.

தினமும் பத்து நிமிஷம்தான், மாஸ்டர் கணக்கு. இப்ப கீழ் ஸ்வரம் அஞ்சு வருது. நேத்து அவளாவே ஸ்ருதிப்பெட்டியைப் போட்டு அஞ்சு கட்டையில சட்ஜமம் பிடிச்சு நிறுத்தினா. எங்க அம்மா அடுப்படியிலேர்ந்து வந்து வாசப்படியில நின்னு கேட்டாங்க. ஒண்ணும் சொல்லல, திரும்பிப் போய்ட்டாங்க.

மாசிவீதி பேண்டு | ஜூன் 22, இரவு 9.30

கண்ணு கலங்கிருச்சு தம்பி.

அப்பா வாத்தியத்தைப் பரண்ல வச்சிறாதீங்க. ஓட்டுக்குக் கீழே மரம் காஞ்சு போகும். கீழே பீரோவுல, துணி சுத்தி, மவுத்பீஸைத் தனியா. மாட்டின மேனிக்கு வைக்காம அஞ்சு துண்டாக் கழட்டி வைங்க, இல்லாட்டி கார்க் அமுங்கிப் போயிரும்.

திருமங்கலத்து அப்பா | ஜூன் 22, இரவு 9.48

பீரோவுலதான் அண்ணே இருக்கு. பேடு மாத்தவும் ஊசி ஸ்பிரிங் அண்ணன்கிட்டயே கொடுக்கலாம்னு இருக்கேன், அவசரம் இல்லாம. தைக்கு மேல பாக்கலாம்னு சொல்லியிருக்கார்.